ஸ்டெப்புக்கு ஸ்டெப் நோட் நீளம் மாறும் சீக்வென்சர்: டை போதுமா, தனி நாப் வேண்டுமா?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 4

ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் நோட்டின் நீளத்தைத் தனித்தனியாக வைக்க முடிகிற ஸ்டெப் சீக்வென்சர் (பேட்டர்னைச் சம கட்டங்களாக, அதாவது ஸ்டெப்புகளாகப் பிரித்து, சின்தசைசரை வரிசையாக ஒலிக்கவைக்கும் கருவி) தேடிக்கொண்டிருக்கிறேன். நண்பர் ஒருவர் அது தேவையே இல்லை என்கிறார். கிரிட்டை நான்கு மடங்கு நுணுக்கமாக்கிக்கொண்டு டை (ஒரு கட்டத்தின் நோட்டை அடுத்த கட்டத்துக்கும் நீட்டும் இணைப்பு) போட்டால் அதே பலன் கிடைத்துவிடுமாம். அவர் சொல்வது சரியா?

பிப்ரவரி 4, இரவு

கணக்குப்படி சரி. 16 ஸ்டெப் பேட்டர்னை 64 கட்டமாக உடைத்தால், முக்கால் ஸ்டெப் நீளமுள்ள நோட்டுக்கு மூன்று கட்டத்தை டையால் இணைத்து நான்காவதைக் காலியாக விட்டால் போதும். வெளியே வருகிற ஒலியில் வித்தியாசம் இருக்காது.

நோட்டை மாற்ற நினைக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். லூப் ஓடிக்கொண்டிருக்கிறது, ஏழாவது ஸ்டெப் கொஞ்சம் இழுத்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றுகிறது. தனி நாப் (திருகும் குமிழ்) இருந்தால் திருப்பிக்கொண்டே கேட்கலாம். சரியான இடம் வந்ததும் காதே சொல்லிவிடும், கை நின்றுவிடும். 64 கட்டம் என்றால் பக்கம் மாற்றி, கட்டத்தைத் தேடி, ஒரு டையைச் சேர்த்து, திரும்ப வந்து கேட்க வேண்டும். அதற்குள் எதைத் தேடினோம் என்பதே மறந்துவிடுகிறது. நான் பேஸ்லைன் (தாழ்ந்த சுருதி வரி) செய்யும்போது பாதி நேரம் சுருதியைத் தொடுவதே இல்லை. நீளத்தைத்தான் நோண்டிக்கொண்டிருப்பேன்.

நாளை விரிவாக எழுதுகிறேன். ஒன்றை மட்டும் இப்போதே கேட்டுவிடுகிறேன்: நீங்கள் தேடுவது எந்த நீளம்? நோட் ஒலிக்கும் நேரமா, ஸ்டெப் எடுத்துக்கொள்ளும் நேரமா?

பிப்ரவரி 5

இந்த இரண்டையும் பலரும் ஒன்றாகவே பேசுகிறார்கள். விளம்பரங்களிலும் அப்படித்தான். அதனால் பிரித்துச் சொல்கிறேன்.

முதல் வகையில் ஸ்டெப்பின் நேரம் மாறாது. 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 பீட்) ஒரு பதினாறாம் நோட் (ஒரு பீட்டில் நான்கில் ஒரு பங்கு, இங்கே ஒரு ஸ்டெப்) 125 மில்லிவினாடி. அதற்குள் கேட் (நோட்டை ஒலிக்கவிடும் சிக்னல்) எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதுதான் மாறும். 50 சதவீதம் என்றால் 62.5 மில்லிவினாடி ஒலி, மிச்சம் மௌனம். அடுத்த ஸ்டெப் தன் நேரத்துக்கு வந்தே தீரும்.

இரண்டாம் வகையில் ஸ்டெப்பே நீளும், சுருங்கும். மூன்றாவது ஸ்டெப்பை இரட்டித்தால் நான்காவது தள்ளிப்போகும், மொத்தப் பேட்டர்னின் நீளமும் மாறும். மூக் 960 என்ற பழைய அனலாக் சீக்வென்சரில் எட்டு நிலை (ஸ்டெப்), மூன்று வரிசை நாப். மூன்றாம் வரிசையை நேரத்துக்கு ஒதுக்கினால் ஒவ்வொரு நிலையும் தனக்கென்று ஒரு கால அளவு எடுத்துக்கொள்ளும். இன்டெலிஜெல் மெட்ரோபோலிஸும் இந்த வழியில் வந்ததுதான். ஒவ்வொரு நிலைக்கும் 1 முதல் 8 வரை பல்ஸ் (க்ளாக்கின் துடிப்பு) எண்ணிக்கை கொடுக்கலாம். அந்தப் பல்ஸ்களில் கேட் என்ன செய்ய வேண்டும் என்பதற்குத் தனி சுவிட்ச் உண்டு: முழுக்கத் திறந்திருக்கலாம், ஒவ்வொரு பல்ஸுக்கும் தட்டலாம், முதல் பல்ஸுக்கு மட்டும் தட்டலாம், பேசாமல் இருக்கலாம்.

இரண்டையும் பிரித்து வைத்த கருவி எப்போதோ வந்துவிட்டது. 1977இல் ரோலண்ட் வெளியிட்ட எம்சி-8 மைக்ரோகம்போசர். எண் விசைப்பலகையில் ஒவ்வொரு நோட்டுக்கும் சுருதிக்கு ஓர் எண், ஸ்டெப் டைமுக்கு ஓர் எண், கேட் டைமுக்கு ஓர் எண். அடுத்த நோட் எப்போது வரும் என்பதைச் சொல்வது ஸ்டெப் டைம். இந்த நோட் எப்போது நிற்கும் என்பதைச் சொல்வது கேட் டைம். எண்களைத் தட்டித் தட்டி இசை செய்வது நிச்சயம் களைப்பான வேலைதான். ஆனால் அடிப்படையை இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்த இன்னொரு வடிவமைப்பை நான் பார்த்ததில்லை. பின்னால் வந்த பல பெட்டிகள் இந்த இரண்டில் ஒன்றை விழுங்கிவிட்டன.

பிப்ரவரி 5, சற்றுப் பின்

முதல் வகைதான் வேண்டும் என்று கேட்டவர் சொல்லியிருக்கிறார். நல்லது, இனி அதையே பேசுவோம். ஆர்ட்டூரியா பீட்ஸ்டெப் ப்ரோவில் 16 நாப் இருக்கின்றன. ஒரு பட்டனைத் தட்டினால் அந்த 16ம் சுருதியிலிருந்து கேட் நீளத்துக்கு மாறிவிடும். எலெக்ட்ரான் பெட்டிகளில் ஸ்டெப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு நீள நாபைத் திருப்ப வேண்டும். ஒரு ஸ்டெப்பைத் தாண்டிப் பல ஸ்டெப்புகளுக்கும் நீட்டலாம். முதல் முறையில் மொத்தப் பேட்டர்னும் கைக்கு எட்டும், இரண்டாவதில் ஒரு நோட் ஆழமாகக் கைக்கு வரும். பேஸ்லைனுக்கு எனக்கு முதலாவது. மெலடிக்கு இரண்டாவது.

பிப்ரவரி 7

"நீளத்தை மாற்றி அப்படி என்ன வந்துவிடப் போகிறது" என்று இன்னொருவர். கையில் இருக்கும் எந்த சீக்வென்சரிலும் இதைச் செய்து பாருங்கள்.

120 பிபிஎம், 16 ஸ்டெப். ஸ்னேர் ட்ரம் 5இலும் 13இலும். பேஸ் 1, 4, 7, 11, 15இல். எல்லாம் ஒரே சுருதி, எல்லாம் 50 சதவீத கேட். சஸ்டெயின் (கேட் திறந்திருக்கும் வரை நிற்கும் ஒலியளவு) நன்றாக இருக்கிற, ரிலீஸ் (கேட் மூடியபின் ஒலி அடங்கும் நேரம்) மிகக் குறைந்த ஒலியாக எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஓடவிட்டுக் கேட்டால் ஐந்து நோட்டும் ஒரே மாதிரி விழும். தாளம் இருக்கும், ஆனால் எங்கேயும் போகாது.

இப்போது 11ஆவது ஸ்டெப்பை மட்டும் சரியாக இரண்டு ஸ்டெப் நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். பேஸ் 13இல் நிற்கும், அதே கணத்தில் ஸ்னேர் விழும். ஸ்னேரின் வால்யூமை யாரும் தொடவில்லை, ஆனால் அது முன்பைவிடப் பலமாகக் கேட்கும். பேஸ் காலி செய்த இடத்தில் அது தனியாக நிற்கிறது. இன்னும் கால் ஸ்டெப் கூட்டுங்கள். 31 மில்லிவினாடிதான். ஸ்னேரின் முகப்பு மங்கிவிடும். அந்த 31 மில்லிவினாடிக்காகத்தான் தனி நாப் கேட்கிறேன்.

அடுத்து 7ஐ மூன்று ஸ்டெப் நீட்டுங்கள். அது 10இல் நிற்கும், ஒரு ஸ்டெப் மூச்சு விட்டு 11 வரும். 1ஐ இன்னும் குறையுங்கள், 25 சதவீதம் போதும். 4 முழு ஸ்டெப், 5இல் வரும் ஸ்னேர் வரை. 15 அப்படியே இருக்கட்டும். ஒரு சுருதியும் மாறவில்லை, ஒரு நோட்டும் நகரவில்லை. எழுத்தின் எண்ணிக்கை அப்படியே இருக்க, குறில் நெடிலாவதால் மட்டுமே ஓசை மாறுகிற செய்யுளைப் போல, இதுவும் முற்றிலும் வேறு வரியாகிவிடும்.

நோட் எங்கே ஆரம்பிக்கிறது என்பதற்கு ஒவ்வொரு ஸ்டெப்பிலும் ஒரு விளக்கு வைத்திருக்கிறார்கள். எங்கே முடிகிறது என்பதற்கு ஒன்றும் இல்லை. ஆட்டத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது.

பிப்ரவரி 8

மேலே சொன்னதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. நீளம் ஒரு ஆக்சென்ட்டும் (அழுத்தமும்) கூட. சுமார் 200 மில்லிவினாடி வரை, ஒலி நீள நீள அது உரத்து ஒலிப்பதாகவே நம் காது எடுத்துக்கொள்ளும், உண்மையான அளவு மாறாவிட்டாலும். 120 பிபிஎம்மின் பதினாறாம் நோட் 125 மில்லிவினாடி என்பதை நினைவில் வையுங்கள். ஒரு ஸ்டெப்புக்குள் நாம் வேலை செய்யும் எல்லை முழுக்க அந்த 200க்குள் இருக்கிறது. 30 சதவீதத்தில் இருந்த நோட்டை 90க்கு ஏற்றினால் அது நீண்டது என்று தோன்றாது, அழுத்தி வாசித்தது என்றே தோன்றும்.

ஹார்ப்சிகார்ட் என்ற பழைய விசைப்பலகை வாத்தியத்தில் எவ்வளவு பலமாகத் தட்டினாலும் ஒலியளவு அநேகமாக ஒன்றுதான். அதை வாசிப்பவர்கள் ஒரு நோட்டுக்கு அழுத்தம் வேண்டுமென்றால் முந்தைய நோட்டைச் சீக்கிரம் விட்டு, ஒரு சின்ன இடைவெளி கொடுத்து, அழுத்த வேண்டியதை முழு நீளம் பிடிப்பார்கள். வெலாசிட்டி (தட்டும் வேகத்துக்கு ஏற்ப மாறும் அளவு) இல்லாத பழைய மோனோ சின்த்தை (ஒரு நேரத்தில் ஒரு நோட் மட்டும் ஒலிப்பது) வைத்துக்கொண்டு கேட்டை மட்டும் மாற்றுகிறவர் செய்வதும் அதேதான்.

பிப்ரவரி 8, இரவு

ஒருவர் முயன்று பார்த்துவிட்டு "எதுவுமே மாறவில்லை" என்கிறார். உங்கள் ஒலியின் என்வலப்பை (ஒலி எழுந்து அடங்கும் வடிவத்தை) பாருங்கள். சஸ்டெயின் பூஜ்யமாகவும் டிகே (உச்சியிலிருந்து சஸ்டெயினுக்கு இறங்கும் நேரம்) 40 மில்லிவினாடியாகவும் இருந்தால், நோட் தானாகவே செத்துவிடுகிறது. கேட் 50 சதவீதமானாலும் 100 ஆனாலும் அதற்கு ஒன்றுதான். ரிலீஸ் ஒரு வினாடி இருந்தாலும் அப்படியே. எல்லா நோட்டும் ஒன்றன்மேல் ஒன்று வழியும்போது எங்கே முடிகிறது என்று எப்படித் தெரியும்? நீளம் பேச வேண்டுமானால் சஸ்டெயின் இருக்க வேண்டும், ரிலீஸ் சிறிதாக இருக்க வேண்டும்.

அட்டாக்கையும் (ஒலி உச்சிக்கு ஏறும் நேரம்) கவனியுங்கள். அட்டாக் 60 மில்லிவினாடி, கேட் 30 மில்லிவினாடி என்று வைத்தால் என்வலப் உச்சிக்குப் போவதற்குள் கேட் மூடிவிடும். நோட் தாழ்ந்து ஒலிக்கும். சில சமயம் வேண்டுமென்றே இப்படி வைப்பேன். பிறகு கேட் நாபே வால்யூம் நாபாகவும் ஃபில்டர் நாபாகவும் சேர்ந்து வேலை செய்யும், ஒரே திருப்பலில்.

பிப்ரவரி 11

"ரோலண்ட் டிபி-303 பேஸ் சின்த்தில் கேட் நீள நாபே இல்லை, அதில் வராத ஆட்டமா?" கேட்டவருக்கு நன்றி, இதை நானே கொண்டுவர நினைத்திருந்தேன்.

நாப் இல்லை என்பது சரி. ஆனால் அதில் மூன்று நீளங்கள் இருக்கின்றன. சாதாரண நோட் ஸ்டெப்பின் ஏறக்குறைய பாதியில் முடிந்துவிடும். டை போட்டால் அடுத்த ஸ்டெப்புக்கும் நீளும். ஸ்லைடு போட்டால் கேட் மூடாமலேயே அடுத்த சுருதிக்கு வழுக்கும். குட்டை, நெட்டை, வழுக்கல் என்ற இந்த மூன்றும் மாறி மாறி வருவதில்தான் அந்தப் பெட்டியின் பேச்சே இருக்கிறது. எல்லா ஸ்லைடையும் எடுத்துவிட்டு வெறும் பாதிக் கேட்டோடு ஓடவிட்டுப் பாருங்கள், ஃபில்டரின் ரெசனன்ஸை எவ்வளவு திருகினாலும் அது 303 மாதிரியே கேட்காது.

அதில் இன்னொரு சங்கதி, பலரும் கவனிக்காதது. சுருதிகளை ஒரு முறையில் உள்ளிட வேண்டும். நேரத்தை, அதாவது நோட்டா, டையா, ரெஸ்ட்டா (மௌனமா) என்பதை, வேறொரு முறையில். டையும் ரெஸ்ட்டும் சுருதிப் பட்டியலிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளாது. 16 ஸ்டெப்பில் ஒன்பதுதான் நோட் என்றால் ஒன்பது சுருதிதான் செலவாகும். நடுவில் ஒரு நோட்டை டையாக மாற்றினால் அதற்குப் பின்னால் உள்ள சுருதிகள் எல்லாம் ஓர் இடம் பின்னுக்குத் தள்ளிப்போகும். நீளத்தைத் தொட்டால் மெலடியே மாறிவிடும்! இதை எரிச்சல் என்பவர்கள் உண்டு. எனக்கு இது பெரிய வரம். நான் யோசித்தே இருக்க முடியாத வரிகள் அங்கிருந்துதான் வந்திருக்கின்றன.

ரோலண்டின் எஸ்ஹெச்-101 சின்த்தில் உள்ள சீக்வென்சர் வேறு மாதிரி. வாசித்துக்கொண்டே போக வேண்டும், ரெஸ்ட்டுக்கு ஒரு பட்டன், லெகாட்டோவுக்கு (நோட்டுகளை அறாமல் இணைப்பதற்கு) ஒரு பட்டன், 100 ஸ்டெப் வரை. கையில் வேகமாக வருகிறது. ஆனால் ஒருமுறை உள்ளிட்டபின் ஒரு நோட்டை மட்டும் தேடிப்போய்த் திருத்த வழியில்லை. திரும்ப முதலிலிருந்து வாசிக்க வேண்டும்.

பிப்ரவரி 12

ஸ்விங் (ஒன்றுவிட்டு ஒரு ஸ்டெப்பைத் தாமதப்படுத்துவது) போட்டவுடன் நீளம் என்ன ஆகும்? இதைத்தான் கையேடுகள் சொல்வதில்லை.

120 பிபிஎம், மூன்றில் இரண்டு பங்கு ஸ்விங். இரண்டு பதினாறாம் நோட்டுகள் சேர்ந்து 250 மில்லிவினாடி. முதலாவதற்கு 167, இரண்டாவதற்கு 83. இப்போது கேட் 100 சதவீதம் என்றால் எதில் 100? ஸ்விங் இல்லாத ஸ்டெப்பில் என்றால் 125 மில்லிவினாடி. முதல் நோட்டுக்குப் பின் 42 மில்லிவினாடி ஓட்டை விழும், லெகாட்டோ அறுந்துவிடும். இரண்டாவது நோட்டோ 42 மில்லிவினாடி அடுத்ததன் மேல் ஏறும். மோனோ சின்த்தில் போர்ட்டமென்டோ (சுருதி வழுக்கல்) போட்டிருந்தால் வேண்டாத இடத்தில் வழுக்கும். உண்மையான இடைவெளியில் 100 சதவீதம் என்று கணக்கிடும் கருவியில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அங்கே ஒரு நீள நோட், ஒரு குட்டை நோட் என்று வரும், அது எல்லாப் பாட்டுக்கும் ஒத்துவராது.

எனக்கு முன்னது பிடிக்கும், 100 சதவீதத்தை மட்டும் தவிர்த்துவிட்டால். 60 சதவீதத்தில் எல்லா நோட்டும் 75 மில்லிவினாடி, மௌனம் மட்டும் ஆடும். ஸ்விங் அப்போதுதான் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது.

பிப்ரவரி 15

மிடி (கருவிகள் ஒன்றோடொன்று பேசும் டிஜிட்டல் முறை) க்ளாக்கோடு ஓட்டுகிறவர்கள் கவனத்துக்கு. மிடி க்ளாக் ஒரு கால் நோட்டுக்கு 24 துடிப்பு. பதினாறாம் நோட்டுக்கு ஆறுதான். வெளி க்ளாக்கைப் பின்தொடரும்போது துடிப்பை மட்டுமே எண்ணுகிற மலிவான சீக்வென்சரில் கேட் நீளத்துக்கு ஆறே படிகள்தான்: 17, 33, 50, 67, 83, 100 சதவீதம். 120 பிபிஎம்மில் ஒரு படி 21 மில்லிவினாடி. ஏழாம் தேதி சொன்ன ஸ்னேர் சோதனையை அதில் நுணுக்கமாகச் செய்ய முடியாது. துடிப்புகளுக்கு இடையே தானே கணக்குப் போட்டுப் பிரித்துக்கொள்கிற கருவி வேண்டும். சொந்த க்ளாக்கில் வழவழவென்று மாறி, வெளி க்ளாக்கில் மட்டும் படிப்படியாகத் தாவினால் காரணம் இதுதான்.

அதைவிடக் கசப்பானது ஒன்று. முன்பு என்னிடம் இருந்த ஒரு சின்னப் பெட்டியில் அடிக்கடி நோட் காணாமல் போகும். அடுத்தடுத்த இரண்டு ஸ்டெப்பில் ஒரே சுருதி இருந்து, முதலாவதன் நீளம் இரண்டாவதன்மேல் கொஞ்சம் ஏறினால் போதும். இரண்டாவது நோட்டின் நோட்-ஆன் (தொடங்கு என்ற செய்தி) அனுப்பப்படும். பிறகு முதல் நோட்டின் நோட்-ஆஃப் (நிறுத்து என்ற செய்தி) வரும். இரண்டும் ஒரே நோட் எண். எந்த ஆனுக்கு எந்த ஆஃப் என்று சொல்ல மிடியில் வழி இல்லை. சின்த் புது நோட்டை வெட்டிவிடும். ஒரே சுருதி வரும்போது மட்டும் பழையதை முதலில் ஆஃப் செய்துவிட்டுப் புதியதை ஆன் செய்ய வேண்டும், வேறு சுருதியானால் மேலே ஏறட்டும் என்று விட்டுவிட வேண்டும். இவ்வளவுதான் விஷயம், ஆனால் அந்தப் பெட்டியில் செய்திருக்கவில்லை. கேபிளைச் சந்தேகப்பட்டு எத்தனையோ மாலைகள் போயின.

பிப்ரவரி 19

ப்ராபபிலிட்டி (ஒரு ஸ்டெப் ஒவ்வொரு சுற்றிலும் ஒலிப்பதற்கான வாய்ப்பு) பற்றிக் கேட்டார்கள். இந்த இழையிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி.

ஐந்தாவது ஸ்டெப்பில் நான்கு ஸ்டெப் நீள நோட் ஒன்று வையுங்கள். ஏழாவதில் ஒரு குட்டை நோட், வேறு சுருதி, 50 சதவீத ப்ராபபிலிட்டி. மோனோ சின்த். ஏழாவது வரும்போது நீளநோட்டை வெட்டிக்கொண்டு வரும். வராதபோது நீளநோட் கார்வையாக நின்று ஒன்பதுவரை போகும். எல்லாக் கேட்டும் குட்டையாக இருக்கும் பேட்டர்னில் ப்ராபபிலிட்டி போட்டால் சில நோட்டுகள் வெறுமனே காணாமல் போகும், பல் விழுந்த மாதிரி ஆகிவிடும். நீளத்தோடு சேர்த்துப் போட்டால் ஓட்டை விழாது. முந்தைய நோட் அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். வாசிப்பவர் இந்தச் சுற்றில் அந்த அலங்காரத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டதாகவே காதில் விழும்.

பிப்ரவரி 20

நேற்று எழுதியதை யோசித்தபின் முதல் நாள் பதிலை இன்னும் குறுக்க வேண்டியிருக்கிறது. "கணக்குப்படி சரி" என்றது அசையாத பேட்டர்னுக்கு மட்டும்தான். நேற்றுச் சொன்ன உதாரணத்தை டையால் செய்ய முடியாது. ஏழாவது ஸ்டெப்பில் டை இருக்க வேண்டும், நோட்டும் இருக்க வேண்டும், எது என்பது ஒவ்வொரு சுற்றிலும் மாற வேண்டும். ஒரு கட்டத்தில் இரண்டையும் எழுத இடமில்லை. நீளம் நோட்டின் சொத்தாக இருந்தால்தான் இது நடக்கும், கட்டத்தின் சொத்தாக இருந்தால் நடக்காது.

மாடுலர் சின்த் (தனித்தனி மாட்யூல்களை வயரால் இணைப்பது) வைத்திருப்பவர்கள் இன்னும் ஒரு படி போகலாம். சுருதி வரிசை 16, கேட் நீளத்துக்குத் தனியாக 5 நிலை வரிசை. இரண்டும் 80 ஸ்டெப் கழித்துத்தான் மறுபடி சேரும், 16 ஸ்டெப் சுற்றில் ஐந்து சுற்று. சுருதி சதுஸ்ரத்தில் (நான்கில்) நடக்க, அழுத்தம் கண்டத்தில் (ஐந்தில்) நடக்கும். எட்டாம் தேதி சொன்னது இங்கே கைகொடுக்கிறது: நீளமான கேட் ஆக்சென்ட்டாகக் கேட்பதால், ஒரே மெலடிமேல் இரண்டாவது தாளம் ஓடுவது தெளிவாகத் தெரியும். ஏழு நிலை வைத்தால் 112 ஸ்டெப். ஆனால் ஐந்துதான் எனக்கு நன்றாகப் பிடிபடுகிறது. ஏழில் சுற்று எங்கே திரும்புகிறது என்று கேட்பவருக்குப் புரிவதற்குள் பாட்டே மாறிவிடுகிறது.

கருவி பெரிதாக ஒன்றும் வேண்டாம். கேட் நீளத்தை வோல்டேஜால் மாற்ற முடிகிற ஒரு மாட்யூல், அதற்குள் இன்னொரு சீக்வென்சரின் சிவி (கட்டுப்பாட்டு வோல்டேஜ்).

பிப்ரவரி 21

கார்டு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுருதிகள்) வாசிக்கும் ஸ்டெப்பைப் பற்றி: பெரும்பாலான ஸ்டெப் சீக்வென்சர்களில் ஒரு ஸ்டெப்பில் எத்தனை நோட் இருந்தாலும் நீளம் ஒன்றுதான். அடிச்சுருதி நிற்க மேல்நோட்டுகள் மட்டும் விலக வேண்டும் என்றால் இரண்டு ட்ராக்காகப் பிரித்துக்கொள்ளுங்கள், அல்லது பியானோ ரோலுக்கு (ஒவ்வொரு நோட்டையும் தனிக் கோடாக வரையும் கணினித் திரைக்கு) போய்விடுங்கள். இந்த இடத்தில் பியானோ ரோல்தான் மேல்.

பிப்ரவரி 26

கேட்டவர் ஒரு பழைய பெட்டியை நேரில் பார்க்கப் போகிறாராம், எதைச் சோதிக்க வேண்டும் என்கிறார்.

கேட் ஒரு ஸ்டெப்பைத் தாண்டி நீளுமா என்று முதலில் பாருங்கள். 100 சதவீதத்தோடு நின்றுவிட்டால், நாப் இருந்தாலும் பாதிதான் கிடைக்கிறது. ஒரே சுருதியில் இரண்டு ஸ்டெப்பை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி நோட் தொலைகிறதா என்று கேளுங்கள். வெளி க்ளாக் கொடுத்து, ஓடும்போதே ஒரு நாபை மெதுவாகத் திருப்புங்கள், தாவுகிறதா என்று. கடைசி ஸ்டெப்பில் நான்கு ஸ்டெப் நீள நோட் வைத்து லூப்பைச் சுற்றவிடுங்கள். சில கருவிகள் லூப் முடியுமிடத்தில் நோட்டை வெட்டிவிடும், சில முதல் ஸ்டெப்பைத் தாண்டிக் கொண்டுபோகும். கொண்டுபோவதுதான் வேண்டும், வெட்டுகிற பெட்டியில் ஒவ்வொரு சுற்றின் தொடக்கமும் தையல் தெரிகிற மாதிரி ஆகிவிடும். அந்த நோட் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த பேட்டர்னுக்கு மாற்றிப் பாருங்கள், ஸ்டாப்பையும் அழுத்திப் பாருங்கள். நோட்-ஆஃப் வராமல் சின்த் அலறிக்கொண்டே நின்றால் அதை வாங்காதீர்கள்.